தானுவின் இடது இடுப்பு

நான் வேலை பார்க்கும் எலும்பு ஆஸ்பத்திரி, பூபியோங் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், கோழி வறுவல் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறது. பிசியோதெரபி அறையில் ஒன்பது கட்டில்கள், நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது நோயாளிகள். ஒத்தடப் பையை வை, கரண்ட் வை, மணி அடித்தால் கழற்று, ஜெல்லைத் துடை, அடுத்த திரையை விலக்கு. பதிமூன்று வருடமாக இதுதான். வெளியே யாராவது "எப்படி இருக்கே, போரம்?" என்று கேட்டால், பதிலுக்கு "எங்கே வலிக்குது?" என்று கேட்கிற நிலைக்கு வந்திருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது.

என் தங்கை தாசோம் புச்சோனில் செல்போன் கடை வைத்திருக்கிறாள். கல்யாணமானவள். எனக்கும் ஒருவனைப் பிடித்துக் கட்டிவைத்துவிட வேண்டும் என்று அலைந்தாள். அந்த நவம்பரில் அவள் ஏற்பாடு செய்த மூன்றாவது ஆளையும் காபிக் கடையில் சந்தித்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே போன்.

"அக்கா, அந்த மனுஷன் எனக்கு போன் பண்ணி, 'உங்க அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவதா?'ன்னு கேக்குறாரு. தூங்கிட்டியாமே!"

"கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

"அவரு தன்னோட அபார்ட்மெண்டைப் பத்தி நாப்பது நிமிஷம் பேசினாரு தாசோம். பால்கனியே இருபது நிமிஷம்."

என் பிறந்தநாளுக்கு அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே தலையில் மாட்டுகிற விஆர் ஹெட்செட். அதில் 'படபடப்பு' என்று ஒரு காதல் சேவை. ஒன்பது ஆண்கள். பிடித்தவனைத் தேர்ந்தெடுத்தால் கண்ணுக்கு முன்னால் ஆளாகவே வந்து நிற்பான். ஆற்றங்கரைக்கு வருவான், குடை பிடிப்பான், பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

"இவன்கிட்டயாவது முழிச்சிருந்து பழகு. நிஜ ஆளுங்க மானத்தை வாங்காதே" என்றாள்.

ஒன்பது பேரில் ஒருவன் பைக் ஓட்டினான், ஒருவன் சமைத்தான், ஒருவன் சதா பாடினான். தானு என்பவன் மட்டும் சும்மா நடந்தான். இருபத்தெட்டு வயது, பால்கோவா முகம். இருப்பதிலேயே மெதுவாக நடப்பவன் அவன்தான் என்பதால் அவனைத் தேர்ந்தெடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எங்களுக்கு இடைவேளை. ஒரு சுருள் கிம்பாப் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, ஆறாம் நம்பர் கட்டிலில் ஏறித் திரையை இழுத்துவிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொள்வேன். அதற்குள், கல்சுவர் ஓரத்தில் மஞ்சள் இலைகள் உதிர்ந்து கிடக்கும். தானு பக்கத்தில் நடப்பான். ஐந்து நிமிடத்தில் நான் தூங்கிவிடுவேன். மாட்டிக்கொண்டு தூங்கினால் என்ன நடக்கும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் யோசித்திருந்தார்கள். திடுக்கிட்டு முழிக்கும்போதெல்லாம் தானு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பேசமாட்டான். சிரிக்கமாட்டான். எங்கேயோ பார்ப்பான், உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைப்பான், கொட்டாவியை வாய்க்குள்ளேயே விழுங்குவான். பிறகு பாரத்தை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி உட்காருவான்.

நடக்கிற தானுவை விட எனக்கு அந்த உட்கார்ந்திருக்கிற தானுவைப் பிடித்தது. என்னிடம் எதையும் எதிர்பார்க்காமல் ஒருவன் பக்கத்தில் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

தொழில் புத்தி விடவில்லை. இரண்டாவது வாரத்திலேயே கவனித்தேன், இவனுக்கு இடது இடுப்பு மூட்டில் ஏதோ கோளாறு. இடது காலை ஊன்றும்போது அரைக்கணம் தயங்குகிறான். அதைச் சமாளிக்க வலது தோள் லேசாக மேலே ஏறுகிறது. கம்ப்யூட்டரில் செய்த பொம்மைக்கு எதற்கு இடுப்பு வலி என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் 'ஓக் ஜின்பியோ, 44, இடது இடுப்பு மூட்டு' என்று இருந்தது. பெயரைக் கூப்பிட்டேன். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். தடித்த கறுப்பு ஜாக்கெட், கன்னத்தில் பழைய பரு வடுக்கள், முன்பக்கம் கொட்டிப்போன முடி. வாசலிலிருந்து நாலாம் நம்பர் கட்டிலுக்குப் பதினோரு எட்டு. அதில் நாலாவது எட்டிலேயே என் கையிலிருந்த ஒத்தடப் பை நழுவிக் கீழே விழுந்தது.

ஆயிரக்கணக்கான நடைகளைப் பார்த்தவள் நான். கையெழுத்து மாதிரிதான் அது. இரண்டு பேருக்கு ஒரே நடை இருக்காது.

"எப்ப இருந்து வலி?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ரெண்டு வருஷம் இருக்கும் மேடம். குளிர் வந்துட்டா ஜாஸ்தி."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"விழுற வேலை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் விளையாட்டுல அடி வாங்கி விழுறாங்கல்ல, அது நான்தான். உடம்பு முழுக்கப் புள்ளி புள்ளியா ஒட்டி ஓட விடுவாங்க, சாகச் சொல்லுவாங்க. அப்புறம் மேலே வேற ஒருத்தனோட தோலைப் போர்த்திடுவாங்க. போன வருஷம் எண்ணூறு தடவை செத்திருப்பேன்."

"இப்பவும் அதானா?"

"இல்ல. இப்ப காதலிக்கிறேன்." பஸ் ரூட் சொல்வது போலச் சொன்னார். "அதுலயும் இடுப்பு வலிக்கத்தான் செய்யுது."

பக்கத்துக் கட்டிலில் மீன் கடை யோங் அம்மாள், முழங்காலில் கரண்ட் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது: "காதல்ல இடுப்பு வலி வந்தா சந்தோஷப்படணும்பா!" அறை முழுக்கச் சிரித்தது. அவரும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் காது சுட்டது.

அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை வந்தார். படுத்த இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவார். நாடகக்காரர். இருபது வருடம் சின்னச் சின்ன மேடைகளில் நடித்தவர். நாடகம் சோறு போடாததால் இந்த வேலைக்கு வந்தவர். மதியம் ஹெட்செட்டை மாட்டினால் தானு இடது காலைத் தயங்கி வைப்பான். மாலை நாலு மணிக்கு அதே இடுப்பு என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும். ஒரு மனிதனை அவனுக்குத் தெரியாமல் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஹெட்செட்டைத் தொடவில்லை. எட்டாம் நாள், முப்பத்து நாலு நோயாளிகள் வந்த திங்கட்கிழமை, மாட்டிக்கொண்டேன். முழித்தபோது அவன் பாரத்தை மாற்றி உட்கார்ந்தான். என் விரல் தன்னையறியாமல் அந்த வலிக்கிற இடத்தைத் தேடிக் காற்றில் அழுத்தியது. இதற்கு மேல் சொல்லாமல் இருப்பது தப்பு என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு நாள். நோயாளிகள் குறைவு.

"ஜின்பியோ சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஆபரேஷனா?" குப்புறப் படுத்தபடியே கேட்டார்.

"இல்ல. உங்களை எனக்கு முன்னாடியே தெரியும்."

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நாடகம் பாத்திருக்கீங்களா? எது? அந்தத் தபால்காரர் வேஷமா?"

"நாடகம் இல்லீங்க. தானு."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. கழுத்து வரை சிவந்தார். பிறகு மெல்ல, "எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க? முகம் வேற, குரல் வேற" என்றார்.

"நடையை வச்சு. அப்புறம், நான் தூங்கும்போது பக்கத்துல உக்காந்திருப்பீங்க. அதை வச்சு."

ஜின்பியோ தலையணைக்குள் என்னவோ முனகினார். சிரிக்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.

"அது நடிப்பே இல்ல மேடம். மூணு நாளா ஷூட்டிங், சரியாத் தூக்கம் கிடையாது. டைரக்டர் வந்து, 'மாட்டிக்கிட்டுத் தூங்கிடுறாங்க, அதுக்கும் ஒண்ணு வேணும், ரெண்டு மணி நேரம் சும்மா உக்காருங்க'ன்னாரு. உக்காந்தேன். வீட்டுல பாய்லர் ஒழுகிட்டு இருந்துச்சு. ரிப்பேர்காரன் வருவானா மாட்டானான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். உங்களை மாதிரி ஒருத்தங்க பாப்பாங்கன்னு நினைக்கவே இல்ல. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல. நானும் தூங்கிட்டுத்தானே இருந்தேன்."

"அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். முடிந்த வேலையை அவர் பார்த்ததே இல்லையாம். பார்க்க யாரும் கூப்பிடவில்லையாம்.

அலமாரியிலிருந்து ஹெட்செட்டை எடுத்து வந்து அவர் தலையில் மாட்டிவிட்டேன். அசையாமல் படுக்கச் சொன்னேன். அசைவு நின்று சில நிமிடமானால் தூங்கியதாக எடுத்துக்கொண்டு தானு வந்து உட்காருவான். ஜின்பியோ மார்பில் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் யோங் அம்மாள், "என்னடி அங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள். "வைத்தியம்" என்றேன்.

பத்து நிமிடம் கழித்து அவர் கழற்றினார். கண்ணைச் சுற்றி ரப்பர் தடம் பதிந்திருந்தது.

"இவ்வளவு களைச்சுப் போயிருந்திருக்கேன்" என்றார். "ஷூட்டிங்ல பக்கத்துலயே இருபது பேர் இருந்தாங்க. ஒருத்தரும் சொல்லல."

ஒத்தடப் பையைத் திரும்ப வைத்தேன். கிளம்பும்போது வாசலில் ஷூவை மாட்டியபடி, சனிக்கிழமை ஒரு வேளை சாப்பாடு வாங்கித் தரலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே போய், எங்கள் மூத்த பிசியோதெரபிஸ்ட் பேங் சாரிடம், நாலாம் கட்டில் இடுப்பை இனிமேல் நீங்கள் பாருங்கள் என்று சீட்டைக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காரணம் கேட்கவில்லை. பேங் சாரின் கை இரும்பு. ஜின்பியோ அடுத்த வாரம் முழுக்கக் கத்தினார்.

சனிக்கிழமை எங்களுக்கு இரண்டு மணிக்கு மூடிவிடும். பன்றி முதுகெலும்பு போட்ட காரக் குழம்புக் கடைக்குப் போனோம். உட்கார்ந்ததும் அவர் என் கழுத்துத் துணியை வாங்கி அழகாக மடித்துவைத்தார். ஸ்பூனைக் காகிதத்தின் மேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார். முழங்கையை ஊன்றி, தலையை லேசாகச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"இது தானுவோட ஆறாவது காட்சி" என்றேன். "மழைக்கு ஒதுங்குற கடை."

அவர் அப்படியே உறைந்தார். பிறகு தோளைத் தளரவிட்டு முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். "பொண்ணுங்க எதிர்ல எப்படி உக்காரணும்னே மறந்துபோச்சுங்க. போன வருஷம் முழுக்க எதிர்ல ஒரு நாற்காலி மேல டென்னிஸ் பந்தைத்தான் வச்சிருந்தாங்க. உங்க முகம் அதுதான்."

"பந்தை விட நான் பரவாயில்லையா?"

"பந்து இவ்வளவு வேகமா சாப்பிடாது."

அவர் அதைவிட வேகமாகச் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சும்போது சத்தம் வந்தது. போனில் அவர் அண்ணனோடு பேசியபோது கடையே திரும்பிப் பார்த்தது. பாதி நேரம் வீட்டுச் சொந்தக்காரரைத் திட்டினார். தானுவின் சாயல் எதுவும் அவரிடம் இல்லை. பிறகு சினிமாவுக்குப் போனோம். விளக்கு அணைந்ததும் யார் முதலில் தூங்கியது என்று இன்று வரை எங்களுக்குள் சண்டை. துடைப்பத்தோடு வந்த பெண்மணி எழுப்பியபோது திரை வெள்ளையாக இருந்தது, என் காலில் அவருடைய பாப்கார்ன் கொட்டிக் கிடந்தது.

இப்படி ஐந்தாறு சனிக்கிழமைகள் போயின. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சாப்பிட்டோம், உட்கார்ந்தோம், அவரவர் வீட்டுக்குப் போனோம்.

பிப்ரவரிக் கடைசியில் 'படபடப்பு' தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஹெட்செட்டை மாட்டியபோது, அதே முகமுள்ள தானு சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தான். தயக்கம் இல்லை, தோள் ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது நிமிடம், "போரம், தூங்கிட்டியா? வா, போட்டோ எடுத்துக்கலாம்!" என்று கத்தினான். கழற்றிவிட்டேன். ஆத்திரத்தில் கருத்துப் பெட்டியில், 'தானுவின் இடது இடுப்பைத் திரும்பக் கொடுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். 'நீங்கள் சீக்கிரம் குணமடைய வாழ்த்துகிறோம்' என்று உடனே பதில் வந்தது.

ஜின்பியோவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு செய்தி அனுப்பினார். இருபத்து நாலு வயது நடனக்காரப் பையனை எடுத்துக்கொண்டார்களாம். தனக்கு வேலை முடிந்ததாம். இனி எனக்குத் தொந்தரவு தர விரும்பவில்லையாம்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஜுவானில் அவர் குடியிருந்த மொட்டைமாடி அறைக்குப் போனேன். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. அன்று காலை மட்டும் இருபத்தொரு முதுகு பார்த்திருந்தேன். கதவைத் திறந்தவர் வாசலை மறித்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. வலது காலில்தான் முழு பாரமும்.

"எதுக்கு வந்தீங்க? உங்களுக்குப் பிடிச்சவன் போயிட்டான். என்கிட்ட இப்ப அவனும் இல்ல. வேலையும் இல்ல. இடுப்பைப் பிளந்து ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க."

அவர் இன்னும் நிறையச் சொல்லத் தயார் செய்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. நான் படி ஏறிய மூச்சு வாங்கியபடி சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜின்பியோ, சண்டை போட எனக்கு சக்தி இல்ல. ஷூவைக் கழட்டவா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

'சார்' போய்விட்டதை இருவருமே கவனித்தோம். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

அடியில் சூடேற்றிய தரையில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் சொருகியது. "ராம்யோன் போடவா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. குட்டி மேசையில் இரண்டு கிண்ணம் ராம்யோன் நூடுல்ஸ் உப்பி ஊறிப்போயிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் வாயைத் திறந்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், நெஞ்சின் மேல் சாப்ஸ்டிக். அவர் போர்வை முழுவதும் என் மேல் கிடந்தது. உப்பிய ராம்யோனை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். சகிக்கவில்லை. அவரை எழுப்பினேன். ஏப்ரலில் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று பேசி முடிவு செய்தோம். புதிதாக ராம்யோன் போட்டோம்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஆறு வாரம் ஊன்றுகோல். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், அவரிடம் கண்டிப்பாக நடந்துகொண்டாள். நான் தலையிடவில்லை. ஒரே ஒரு முறை, தலையணையை இரண்டு விரல்கடை தள்ளிவை என்று மட்டும் சொன்னேன். அவள் முறைத்தாள்.

தாசோம் ஆஸ்பத்திரிக்கே பார்க்க வந்தாள். அவரைக் கும்பிட்டுக் குனிந்து, நலம் விசாரித்துவிட்டு, என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, முகம் தானு மாதிரி இல்லையே!"

"இல்லடி."

"குரலும் இல்ல."

"ஆமா."

"இப்ப நடையும் மாறிடும். அப்புறம் என்னதான் மிச்சம்?"

"தெரியல. பாக்கலாம்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஹெட்செட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் புருஷன் அதில் டேபிள் டென்னிஸ் ஆடி டிவியை உடைத்துவிட்டானாம்.

ஜூன் மாதம், பழைய நாடக நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு வேஷம் கொடுத்தார். நீதிபதி. "நாடகம் பூரா உக்காந்தே இருக்கலாம்!" என்று போனில் கத்தினார். முதல் ஒத்திகைக்கு நானும் கூடப் போவதாக இருந்தது. மருத்துவமனைக்கு லீவு போட்டிருந்தேன், பல வருடத்துக்குப் பிறகு. பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். ஊன்றுகோலை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏறி, அந்தப் பக்கம் பாதிப் படி இறங்கியதும் அவர் நின்றார்.

"வலியா?"

"இல்ல. மூச்சு. நாப்பத்தஞ்சு வயசு."

படியிலேயே உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே எங்கள் பஸ் வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள்.

"ஓடினா பிடிச்சிடலாம்" என்றார்.

"யாரு ஓடுறது?"

இருவரும் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டு பஸ் போனது. அடுத்தது பன்னிரண்டு நிமிடத்தில் என்று நிறுத்தத்தின் பலகையில் வந்தது. அவர் பையிலிருந்து வசனத் தாள்களை எடுத்து, குற்றவாளியின் வசனத்தை என்னைப் படிக்கச் சொன்னார்.